வாஷிங்டனில் ஜெயித்தவர்கள் யெரெவானில் ஏன் தோற்றார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஆர்மீனியா கட்டுரையைப் படித்தேன். நாட்டுக்குள் இருப்பது சுமார் 30 லட்சம் பேர், வெளிநாடுகளில் இருப்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், அவர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தையே தங்கள் பக்கம் திருப்புகிறார்கள், உலகத் தமிழர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். எழுத்து விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பாதிக் கதையோடு நின்றுவிட்டது. அந்த வெளிநாட்டு ஆர்மீனியர்கள் தாய்நாட்டில் எந்தக் கட்சியைத் தூக்கிப் பிடித்தார்கள், அந்தக் கட்சிக்கு உள்ளூர் ஜனங்கள் எவ்வளவு ஓட்டுப் போட்டார்கள் என்ற மீதிப் பாதி அதில் இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

சத்துவாச்சாரியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஆர்மீனியா எதற்கு என்று கேட்பீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் என்றே காலம் போனது. எங்களிடம் ஷூவுக்கு உள்ளே போடும் ஆட்டுத்தோல் லைனிங் வாங்கிய வியாபாரி ஒருவர் பெய்ரூட்காரர். அரபி பேசுவார், பிரெஞ்சு பேசுவார், பெயர் மட்டும் 'யான்' என்று முடியும். பெய்ரூட்டில் பூர்ஜ் ஹம்மூத் என்ற பேட்டை முழுக்க ஆர்மீனியர்கள், செருப்பும் பையும் தைக்கும் பட்டறைகள், நம்ம ஆம்பூர் போல. சரக்கு பார்க்க வந்தால் ஒவ்வொரு தோலையும் மடித்து, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பில் வரி விழுகிறதா என்று கட்டை விரலால் தடவிப் பார்ப்பார். ரிஜெக்ட் என்று சொல்லமாட்டார், தனியே எடுத்து வைப்பார், அவ்வளவுதான். அப்புறம் டீ வரும். டீயோடு அரசியலும் வரும்.

டாஷ்னாக், ஹின்சாக், ராம்கவார் என்ற பெயர்களை முதலில் கேட்டது அவரிடம்தான். மூன்றும் ஆர்மீனியர்களின் பழைய கட்சிகள். டாஷ்னாக் 1890ல் திஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி) பிறந்தது, ஹின்சாக் அதற்கும் முன்னால் 1887ல் ஜெனீவாவில். சோவியத் ஆட்சியில் தாய்நாட்டுக்குள் அவர்களுக்கு இடமில்லை என்பதால் பெய்ரூட்டிலும் பாரிசிலும் பாஸ்டனிலுமே வளர்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி கிளப், தனி பள்ளிக்கூடம், தனி பத்திரிகை. நம் வியாபாரி பரம்பரை டாஷ்னாக். தாத்தா துருக்கிப் பக்கம் அதானாவிலிருந்து தப்பி வந்தவர். இன்றைய ஆர்மீனியா என்ற மண்ணில் அந்தக் குடும்பம் ஒருநாளும் வாழ்ந்ததில்லை.

இதுதான் விஷயத்தின் ஆணிவேர், கட்டுரையில் இது இல்லவே இல்லை. லெபனான், பிரான்ஸ், அமெரிக்கா என்று பரவிய பழைய ஆர்மீனியக் குடும்பங்களில் பெரும்பாலானவை 1915 இனப்படுகொலையில் துருக்கியிலிருந்து துரத்தப்பட்டவை. அவர்கள் கணக்கு துருக்கியோடு. தலைநகர் யெரெவானில், துருக்கி எல்லையோரக் கியூம்ரியில் இருப்பவர்களுக்கும் அந்த நினைவு உண்டு, இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காலையில் எழுந்தால் அவர்களுக்கு மூடிக்கிடக்கும் எல்லை இருக்கிறது, ராணுவத்துக்குப் போன பிள்ளை இருக்கிறான், ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய பணம் இருக்கிறது.

வெளியில் இருந்துகொண்டு தாய்நாட்டுக்குத் திட்டம் போடுவது இவர்களுக்குப் புதிதும் இல்லை, அதில் நம்ம ஊருக்கும் பங்குண்டு. சென்னையில் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்ற ஆர்மீனிய வணிகர் அச்சகம் வைத்து, இனி அமையப்போகும் சுதந்திர ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்ட வரைவே போட்டார். அட்டையில் 1773 என்று இருக்கும். அரசன் வேண்டாம், ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை ஆளட்டும் என்று எழுதியிருந்தார். அப்போது ஆர்மீனியா என்று ஒரு நாடே இல்லை, பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் நடுவில் பிய்ந்து கிடந்தது. அதே அச்சகத்தின் இன்னொரு புத்தகம், எழுந்து போராடுங்கள் என்று இளைஞர்களைத் தூண்டியது. எச்மியாட்சினில் இருந்த தலைமை மதகுரு சிமியோன் அதைப் பார்த்துக் கொதித்துப்போய் எரிக்கச் சொன்னார். பாரசீக கான்களின் கீழே உட்கார்ந்திருந்தவர் அவர். சென்னையில் அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் உதை அங்கேதான் விழும். அவர் கோழையா, விவரமானவரா என்பது அவரவர் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்காவில் இவர்கள் சாதித்ததைக் குறைத்துச் சொல்லமாட்டேன். டாஷ்னாக் சார்புள்ள ஆர்மீனியன் நேஷனல் கமிட்டி ஒரு பக்கம், 1972ல் தொடங்கிய ஆர்மீனியன் அசெம்ப்ளி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒத்துப்போகாது, ஆனாலும் காரியம் நடந்தது. 1992ல், காராபாக் என்ற ஆர்மீனியர் வாழும் மலைப்பகுதிக்காக ஆர்மீனியாவோடு சண்டையில் இருந்த பக்கத்து நாடான அஜர்பைஜானின் அரசுக்கு அமெரிக்கா நேரடி உதவி தரக்கூடாது என்று 907ஆம் பிரிவைச் சட்டத்தில் சேர்க்கவைத்தார்கள். 2019 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 1915ஐ இனப்படுகொலை என்று 405க்கு 11 என்ற கணக்கில் ஏற்றது. 2021 ஏப்ரல் 24 அன்று அதிபர் பைடனே அந்தச் சொல்லைச் சொன்னார். கலிபோர்னியாவில் ஆர்மீனியர்கள் நிறைந்த கிளெண்டேல் பக்கம் ஓட்டு கேட்கும் எந்த அரசியல்வாதியும் அந்த வாக்காளர்களைத் தாண்டிப் போகமுடியாது. அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் எம்.பி.யிடம் கேட்கிறார்கள், அதில் தப்பே கிடையாது.

ஆனால் 907ஐக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். எல்.சி. பார்த்துப் பழகியவனுக்குக் கண் உடனே விதிவிலக்கு எங்கே என்றுதான் தேடும். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, அதிபர் விரும்பினால் அந்தத் தடையைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். 2002 முதல் வந்த அதிபர்கள் பெரும்பாலும் வருஷா வருஷம் தள்ளிவைத்தார்கள். இனப்படுகொலை என்று வாய்திறந்து சொன்ன பைடனின் அரசும் அதே 2021ல் தள்ளிவைத்தது. நினைவுக்கு ஒரு தீர்மானம், எண்ணெய்க்கும் ராணுவத் தேவைக்கும் ஒரு விதிவிலக்கு. அஜர்பைஜானும் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய அரசியல்வாதிகளைப் பரிசு கொடுத்து அது கவனித்த விதத்துக்கு, கேவியர் என்ற விலையுயர்ந்த மீன் முட்டையின் பேரில், 'கேவியர் ராஜதந்திரம்' என்றே பெயர் விழுந்தது.

தாய்நாட்டு அரசியலில் இவர்கள் கை எப்படி வேலை செய்தது? முதல் அதிபர் லெவோன் தெர்-பெட்ரோசியானுக்கும் டாஷ்னாக்குக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. துருக்கியோடு வியாபாரம் பேசலாம் என்றவர் அவர். 1992ல் வெளிநாட்டிலிருந்து கட்சியை நடத்திய ஹ்ராய்ர் மரூகியானை நாட்டைவிட்டே வெளியேற்றினார், 1994 டிசம்பரில் கட்சியின் செயல்பாட்டையே முடக்கினார். 1998ல் அவர் பதவி விலகியதும் அடுத்து வந்த ராபர்ட் கோச்சாரியான் தடையை நீக்கினார். அந்த நன்றிக் கணக்கு இன்றுவரை தீரவில்லை என்பது என் எண்ணம். கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்து, சுதந்திர ஆர்மீனியாவின் முதல் வெளியுறவு அமைச்சராக வந்த ராஃபி ஹொவ்ஹன்னிசியான் வேறு ரகம். எதிர்க்கட்சித் தலைவராகி, 2013 அதிபர் தேர்தலில் 37 சதவீதம் வாங்கினார். தெருவில் இறங்கி ஜனங்களின் கையைக் குலுக்கிக்கொண்டே போனவர். வெளியிலிருந்து வந்தவர்களில் உள்ளூர்க்காரன் மதித்த அரசியல்வாதி என்று எனக்குத் தெரிந்து அவர்தான்.

2009ஐப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த அக்டோபரில் சூரிக்கில் ஆர்மீனியாவும் துருக்கியும் உடன்படிக்கை போட்டன. 1993 முதல் மூடிக்கிடந்த எல்லையைத் திறப்பது, தூதரக உறவு, வரலாற்றை ஆராய ஒரு குழு. கையெழுத்துக்கு முன்னால் அதிபர் செர்ஜ் சார்க்சியான் பாரிஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், பெய்ரூட், ரோஸ்தோவ் என்று வெளிநாட்டு ஆர்மீனியர்களைச் சமாதானப்படுத்தவே ஒரு சுற்றுப் போனார். போன இடத்திலெல்லாம் கறுப்புக்கொடி இல்லாத குறைதான். இனப்படுகொலையை ஆராய்ச்சிப் பொருளாக்குகிறாயா என்று கேட்டார்கள். டாஷ்னாக் அந்த வருஷம் ஏப்ரலிலேயே ஆளும் கூட்டணியைவிட்டு எதிர்க்கட்சி வரிசைக்குப் போய்விட்டது. நம் பெய்ரூட் வியாபாரி ஆர்டர் விஷயமாகப் போன் செய்து, பாதி நேரம் சார்க்சியானைத் திட்டினார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. வீட்டை இழந்த தாத்தாவின் பேரன் அவர். ஆனால் கியூம்ரியிலிருந்து துருக்கியின் கார்ஸ் போகும் ரயில் பாதையில் 1993க்குப் பிறகு வண்டி ஓடவில்லை. அந்தப் பாதையை நம்பியிருந்தவனுக்குப் பெய்ரூட்டில் யாரும் ஊர்வலம் போகவில்லை. உடன்படிக்கை செத்ததற்கு வெளிநாட்டு ஆர்மீனியர் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், காராபாக் விவகாரத்தை முடி என்று துருக்கி முடிச்சுப் போட்டதும் பெரிய காரணம். 2018 மார்ச்சில் ஆர்மீனியாவே அதை ரத்து செய்தது.

அதே வசந்தத்தில்தான், பின்னால் பிரதமரான எதிர்க்கட்சி எம்.பி. நிகோல் பஷின்யான் கியூம்ரியிலிருந்து தலைநகருக்கு நடந்தார். ஏப்ரல் 23 அன்று சார்க்சியான் பதவி விலகினார். அந்தப் புரட்சியை நடத்தியவர்கள் யெரெவான் தெருவில் இருந்த பிள்ளைகள், வெளிநாட்டுப் பழைய கட்சிகள் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

அப்புறம் 2020. செப்டம்பர் 27ல் தொடங்கி, காராபாக்குக்காக அஜர்பைஜானோடு 44 நாள் போர். துருக்கி ட்ரோன், இஸ்ரேல் ட்ரோன் என்று அஜர்பைஜான் இறக்கியது. வெளிநாட்டு ஆர்மீனியர்கள் பணத்தைக் கொட்டினார்கள். நவம்பர் 10ல் ரஷ்யா நடுவில் நின்று எழுதிய உடன்பாட்டில் பஷின்யான் கையெழுத்துப் போட்டார், தோல்விதான். பிரெஞ்சு செனட் 305க்கு 1 என்ற கணக்கில் காராபாக்கை அங்கீகரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. எப்போது? நவம்பர் 25ல், போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து. பிரெஞ்சு அரசு அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

தோற்ற பிரதமர் காலி என்றே எல்லாரும் நினைத்தார்கள். 2021 ஜூன் 20ல் முன்கூட்டியே தேர்தல் வந்தது. எதிர்ப்பக்கம் கோச்சாரியானும் டாஷ்னாக்கும் சேர்ந்த 'ஆர்மீனியா கூட்டணி'. பஷின்யான் கட்சிக்கு 53.9 சதவீதம், அந்தக் கூட்டணிக்கு 21 சதவீதம். இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டியவை. பிள்ளையைப் போரில் பறிகொடுத்த ஊர்கள், தோற்றவனுக்கே திரும்பவும் போட்டன. அவன்மேல் காதலா? இல்லை. பழைய ஆட்கள் திரும்பி வந்தால் என்ன என்று ஜனங்களுக்குத் தெரியும். 2008 மார்ச் 1 அன்று, கோச்சாரியான் அதிபராக இருந்தபோது, தேர்தல் முறைகேட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களை அடக்கியதில் 10 பேர் செத்தார்கள். கிளெண்டேலில் இருப்பவர் அதை மறக்கலாம். யெரெவான்காரன் மறப்பானா? கூட்டணி சேர்ந்த டாஷ்னாக், தங்களிடம் இருந்த நல்ல பெயரைக் கொண்டுபோய்க் கோச்சாரியான் கணக்கில் கட்டிவிட்டது.

எனக்கு இதெல்லாம் வெறும் பேப்பர் செய்தியாக இருந்தது, என் தங்கை மகள் யெரெவானில் மருத்துவம் படிக்கப் போகும்வரை. குடியாத்தத்துப் பெண். அங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அவள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு 2023 இலையுதிர் காலத்தில் காராபாக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்தது. கீரைகளை அரிந்து மாவுக்குள் பொதிந்து கல்லில் சுடும் 'ஜிங்கலோவ் ஹாட்ஸ்' என்று ஒரு ரொட்டி. அந்த வீட்டுப் பாட்டி அதைச் செய்து மெட்ரோ வாசலில் விற்கிறார். நம் பெண்ணுக்குத் தினமும் ஒன்று. 'வெந்தயக்கீரை கிடைத்தால் போடலாம் மாமா' என்று இவள் எனக்கு வீடியோவில் காட்டுகிறாள்.

அந்தக் குடும்பத்தின் கதை இதுதான். 2022 டிசம்பரிலிருந்து, காராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த லாச்சின் பாதை அடைபட்டு ஒன்பது மாதம் சாப்பாட்டுக்கே கஷ்டம். 2023 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க அதிகாரி செனட் குழு முன் உட்கார்ந்து, அம்மக்களை விரட்டும் எந்த முயற்சியையும் சகிக்கமாட்டோம் என்று சொன்னார். 19ஆம் தேதி அஜர்பைஜானின் குண்டு விழுந்தது. இரண்டு மணி நேரப் பாதையில் ஒரு நாளுக்கு மேல் காரிலேயே கிடந்து வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சில நாட்களில் காலி செய்தார்கள். வாஷிங்டனில் முப்பது வருஷம் சேர்த்த செல்வாக்கு ஒரு வாரத்தைத் தாங்கவில்லை.

பாட்டியிடம் ஆர்மீனிய பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் குடியுரிமை இல்லை. காராபாக்காருக்குக் கொடுத்த பாஸ்போர்ட் பயண ஆவணம் மட்டுமே என்று அரசு சொல்லிவிட்டது. அகதி என்று பதிந்திருக்கிறார்கள், குடியுரிமை வேண்டுமென்றால் தனியாக மனு போட வேண்டும், வீட்டு மானியத்துக்கும் அது வேண்டும். போட்டால் திரும்பிப் போகும் உரிமையை விட்டதாகிவிடுமோ என்று பாட்டிக்குப் பயம். இந்தப் பயத்துக்கு ஒரு லாபியும் பதில் சொல்லவில்லை, பஷின்யானும் சொல்லவில்லை.

பஷின்யானுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதீர்கள். 2022ல் பிரான்சின் டாஷ்னாக் தலைவர் முராத் பபாஸியானை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பியது அவர் அரசு. 2024ல் எல்லையோர நான்கு கிராமங்களை அஜர்பைஜானுக்குத் திருப்பித் தந்தபோது தவுஷ் பகுதிப் பேராயர் பக்ரத் கல்ஸ்தான்யான் நடைப்பயணம் புறப்பட்டார், பஷின்யான் கற்றுக்கொடுத்த அதே வித்தை. எதிர்க்கட்சிகள் அவரையே பிரதமர் வேட்பாளர் என்றன. அவரோ கனடாவில் பல ஆண்டு திருச்சபைப் பொறுப்பில் இருந்தவர், கனடியக் குடியுரிமை உண்டு. வேறு குடியுரிமை வைத்திருப்பவர் பிரதமர் ஆகமுடியாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. கூட்டத்தைக் கூட்டிவிட்டுச் சட்டத்தை அப்புறம் படித்த எதிர்க்கட்சியை என்ன சொல்ல? 2025 ஜூனில் பேராயரைக் கைது செய்தார்கள். திருச்சபைக்கு ஆதரவாகப் பேசிய, ரஷ்யாவில் சம்பாதித்த கோடீஸ்வரர் சாம்வெல் கரபெத்யானையும் பிடித்தார்கள், அவர் கையிலிருந்த மின்விநியோக நிறுவனத்தின்மேலும் கை வைத்தார்கள். ஓட்டில் ஜெயித்தவருக்கு இத்தனை பயம் எதற்கு? 2025 ஆகஸ்டு 8 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்ப்பை நடுவில் வைத்து அஜர்பைஜான் அதிபருடன் கைகுலுக்கினாரே, அந்த அமைதிப் பேச்சிலும் பாட்டி திரும்பிப் போவது பற்றி ஒன்றுமில்லை. டிரம்ப் அன்றைக்கே 907ஐயும் தள்ளிவைத்தார்.

கட்டுரையாளர் தமிழர்களுக்குச் சொன்ன யோசனைக்கு வருகிறேன். கனடிய நாடாளுமன்றம் 2022ல் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. நல்ல காரியம், அதற்கு உழைத்தவர்களை மதிக்கிறேன். எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வருபவர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். இங்கேயே பிறந்தவர், இங்கேயே பத்தாம் வகுப்பு படித்தவர். அந்தச் செய்தியைச் சொன்னபோது, 'சந்தோஷம் சார், தணிக்கைக்கு நேரமாச்சு' என்று பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தார். போலீசின் கியூ பிராஞ்ச் ஆள் கணக்கு எடுக்கும்போது முகாமில் இருந்தாக வேண்டும். 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. கனடாவின் தீர்மானத்துக்கு நாம் போட்ட தலைப்புச் செய்தி அளவுக்கு மேல்மொணவூருக்கு எத்தனை நாள் போட்டோம் என்று உங்கள் நூலகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். யாழ்ப்பாணமும் 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு பாடம் எடுத்தது. மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை, தெற்கின் சிங்களத் தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டு மேடைகளில் பேசுகிறவர்கள் பலருக்கு அது அதிர்ச்சி. அங்கே குடியிருப்பவர்களுக்கு அவர்கள் கணக்கு.

கடைசியாகத் திருத்த வேண்டிய இரண்டு. வெளிநாட்டு ஆர்மீனியர்கள் தேர்தலைத் தீர்மானிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2007 முதல் இரட்டைக் குடியுரிமை உண்டே தவிர, தூதரக ஊழியர் போன்ற சிலரைத் தவிர யாரும் வெளிநாட்டிலிருந்தபடி ஓட்டுப் போட முடியாது, யெரெவானுக்கு டிக்கெட் எடுத்தால்தான் உண்டு. இன்னொன்று, உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை கல்கத்தாவில் வந்ததாகப் போட்டிருந்தீர்கள். 'அஸ்தரார்' 1794ல் சென்னையில் வந்தது, நடத்தியவர் பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோன்யான். அவர் கல்லறை பாரிமுனை அரண்மனைக்காரன் தெரு ஆர்மீனியர் கோயிலில்தான் இருக்கிறது. உங்கள் சென்னை நிருபரை அனுப்பி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதிப் பிரிவு எழுத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.